சின்னக் கட்டி

இயேசுவுக்கே புகழ்

திண்டுக்கல்,
12 பிப்ரவரி 2023, ஞாயிறு

ஜீவிதாவுக்கு,

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரை போக வாடகைக் காரைச் சின்னாளப்பட்டியில் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். வாந்திக்கு எலுமிச்சம்பழம், போர்வை, ஃபைல் எல்லாம் என் மடியில் இருந்தன. உன் வீட்டுக்காரர் வெளியே வந்து ஒரு துண்டுத்தாளை நீட்டினார். "சித்தையன்கோட்டைப் பக்கம் இயற்கை வைத்திய இல்லத்துக்குப் போகிறேன். நாற்பத்தெட்டு நாள். தேட வேண்டாம். நிலாவை அக்காவிடம் விடுங்கள்." முந்தின நாளே பள்ளிக்கூடத்திலிருந்து நேராக பஸ் ஏறிவிட்டாயாம். செல்வம், "ஒங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்க்கா" என்றார். முப்பத்தெட்டு வயது, ஒரு பிள்ளைக்குத் தாய், ஐந்தாம் வகுப்பு டீச்சர். செய்கிற காரியமா இது?

அன்றைக்கு உனக்கு மூன்றாவது கீமோ. எட்டில் இரண்டுதான் முடிந்திருக்கிறது. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை என்பது சும்மா வைத்த கணக்கு இல்லை. நாள் தள்ளிப்போனால் முன்னால் போட்டதும் வீண்.

அந்த இல்லத்துக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு பெண், உள்ளே வந்தவர்களின் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவோம், கடிதம் எழுதலாம் என்றாள். அதனால் எழுதுகிறேன். இருபத்து நான்கு வருஷமாக நர்ஸாக வார்டில் நிற்கிறவள் சொல்கிறேன், கேள். அடுத்த வியாழனுக்கு டாக்டரிடம் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். கிளம்பி வா.

நிலா என்னிடம்தான் இருக்கிறாள். அம்மா எங்கே என்று கேட்டாள். டிரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


சித்தையன்கோட்டை,
17 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. படிக்கும்போதே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. சின்ன வயதில் நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பேனே, அப்படி.

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு பதினோரு நாள் நான் தூங்கவில்லை. வாய் முழுக்கப் புண். நிலா பக்கத்தில் வந்து படுத்தால் அவள் தலையில் தேய்த்த எண்ணெய் வாசனைக்கே குமட்டிக்கொண்டு வந்தது. தள்ளிப் படு என்று கத்திவிட்டேன். பிள்ளை தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அன்றைக்கு ஏதோ ஒன்று என்னை விட்டுப் போனது.

மதுரையில் அந்தக் கூடத்தில் பதினாறு நாற்காலி. ஊசி குத்துகிற பெண் என் கையைப் பார்த்துத்தான் பெயரைக் கேட்பாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் இங்கிலீஷில் பேசுவார். நீ பதில் சொல்வாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்து என்னக்கா சொன்னாரு என்றால், "ஒண்ணுமில்ல, இம்புட்டுக்காணு கட்டி. கரைஞ்சிரும்" என்பாய். அப்படியானால் இத்தனூண்டு கட்டிக்கு எட்டு கீமோ எதற்கு? படுத்தபடி இதையேதான் யோசித்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரிதுபடுத்துகிறார்கள், நீ அவர்கள் ஜாதி, உனக்கு அது தெரியாது என்று எனக்குப் பட்டது.

இங்கே தென்னந்தோப்புக்குள் பத்துக் குடில்கள். காலையில் மூச்சுப் பயிற்சி. வயிற்றில் ஈர மண்ணைத் துணியில் வைத்துப் பட்டி. பிறகு கேழ்வரகுக் கூழ், பழம். வடமதுரைக்காரப் பேச்சாயி அக்கா என்று ஒருத்தி சாயந்தரம் என் பாதத்தில் நல்லெண்ணெய் தேய்த்து விடுகிறாள். முதல் நாள் அவள் கையை வைத்ததும் அழுதுவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. "அழு தாயி, எண்ணெ ஊறட்டும்" என்றாள். அன்றைக்கு விடிய விடியத் தூங்கினேன்.

நாற்பத்தெட்டு நாள் மட்டும் எனக்குக் கொடு அக்கா.

உன்
ஜீவி


இயேசுவுக்கே புகழ்

திண்டுக்கல்,
20 பிப்ரவரி 2023

ஜீவி,

வாய்ப்புண்ணுக்கு மருந்து இருக்கிறது. தூக்கத்துக்கும் இருக்கிறது. பதினோரு நாள் தூங்கவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படி இருக்கிறாய் என்று தினமும் கேட்டேனே. "ம்" என்றாய்.

சரி, என் கேள்வியிலும் கோளாறு இருந்திருக்கும். நான் கேட்டது காய்ச்சல் உண்டா, பேதி உண்டா என்றுதான்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மூச்சுப் பயிற்சி செய்யட்டும், எண்ணெய் தேய்க்கட்டும், மனசுக்கு எது நல்லா இருக்கோ செய்யட்டும். கீமோவை விடாம அதையும் சேர்த்துச் செய்யட்டும்" என்றார். அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே யோகா சொல்லித் தருகிற லேடி டாக்டர் இருக்கிறாராம். இரண்டு மாதமாக அந்த வழியாகத்தான் போய்வந்தோம். என் கண்ணில் அந்தப் போர்டு படவில்லை. என் தப்பு.

ஆகவே வா. இரண்டையும் செய்யலாம். நானே உன் காலைத் தேய்த்து விடுகிறேன்.

இந்த இடத்தில் நான்கு வரி எழுதி அடித்திருக்கிறேன். பொருட்படுத்தாதே. டியூட்டி முடிந்து வந்த அசதி, ஏதோ உளறிவிட்டேன்.

நாளை மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். உனக்காக நாற்பது நாளும் ஒருபொழுது இருக்கப்போகிறேன். கோபத்தை மட்டும் விட முடியவில்லை.

அக்கா


சித்தையன்கோட்டை,
14 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமானது. எழுத உட்கார்ந்தால் உன்னோடு வாதாடத் தோன்றியது. இங்கே வாதாடுகிற எண்ணம் வந்தால் செத்த நேரம் நடந்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஆத்தூர்ச் சாலை வரை நடந்து நடந்து மூன்று வாரம் போய்விட்டது.

இந்த இல்லத்தை நடத்துகிற செழியன் ஐயாவைப் பற்றிக் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். நீ கேட்கவில்லை. சாமியார் இல்லை. காவி கட்டவில்லை. பதினைந்து வருஷம் பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய் மருந்தைத் தலையில் கட்டினேன், அதுவே என் ஈரலைத் தின்றது என்கிறார். வேலையை விட்டு, பட்டினி கிடந்து, பச்சை உணவு தின்று எழுந்தாராம். அவர் சொல்வதை அவர் நம்புகிறார். அது முகத்தில் தெரிகிறது.

வந்த அன்றைக்கு ரிப்போர்ட் எதுவும் என்னிடம் இல்லை என்றேன். "வேணாம்மா. ஒங்க ஒடம்புதான் ரிப்போர்ட்டு" என்றார். ஃபைலை நான் கண்ணால் முழுதாகப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னிடமே இருந்தது.

"யார் மேல இம்புட்டுக் கோவம்?" என்று ஒருநாள் கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பதினாலு வயதில், ஆஸ்பத்திரி வார்டில் மூக்கிலும் கையிலும் குழாயோடு அவளைப் பார்த்ததைச் சொன்னேன். மதுரை நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் அந்த வார்டின் மணம் வந்ததைச் சொன்னேன். இதையெல்லாம் நான் யாரிடமும் பேசியதில்லை. உன்னிடமும்.

இப்போது இரண்டு வேளை பசிக்கிறது. முடி அரும்பு விட்டிருக்கிறது. கட்டி இளகி வருகிறது என்கிறார் ஐயா. தொட்டுப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நீ அடித்த வரிகளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "அக்குளில்" என்று ஒரு சொல் தெரிந்தது. அக்குளில் என்ன அக்கா?

ஜீவி


இயேசுவுக்கே புகழ்

திண்டுக்கல்,
3 ஏப்ரல் 2023

ஜீவி,

நாற்பத்தெட்டு நாள் முடிந்ததே, வந்துவிடுவாய் என்று நினைத்தேன். இன்னொரு நாற்பத்தெட்டு நாள் இருக்கப்போகிறேன் என்று இல்லத்து அலுவலகத்திலிருந்து செல்வத்துக்குச் சொல்லி அனுப்புகிறாய். அதனால்தான் நேற்று குருத்து ஞாயிறுப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்தேன்.

நீ சிரித்துக்கொண்டு வந்தாய். அதை மறைக்கப் போவதில்லை, முகம் தெளிந்திருக்கிறது. கழுத்தெலும்பு துருத்தவில்லை. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது, இவள் செய்தது சரிதானோ என்று. அப்புறம் உன் இடது கை ரவிக்கையைப் பார்த்தேன். வலது கையில் தளர்ந்திருக்கிறது, இடது கையில் சதையைப் பிடிக்கிறது. கையைத் தூக்கு என்றேன். நீ தூக்கவில்லை. "என்னைய பேசண்டா பாக்காம ஒரு தடவ பாரேன்க்கா" என்றாய்.

அதற்குமேல் நான் கத்தியது தப்பு. அத்தனை பேர் முன்னால் உன் கையைப் பிடித்து இழுத்ததும் தப்பு. ஆனால் நீ சொன்னதும் சாதாரணமானது இல்லை. "ஒனக்குக் கல்யாணம் இல்ல, காச்சி இல்ல, வார்டும் நானும்தான். நான் நல்லாயிட்டா ஒனக்கு வேற என்ன இருக்கு?" அந்தத் தோப்பில் எல்லார் காதிலும் அது விழுந்தது.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். வேறு ஒன்றும் இல்லைதான். அதற்காக நீ நல்லாகக் கூடாது என்று நினைப்பேனா?

அக்குளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றுமில்லை. வீட்டுக்கு வா, நேரில் சொல்கிறேன்.

அக்கா


சித்தையன்கோட்டை,
8 மே 2023

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். பேச்சாயி அக்கா சொல்லித்தான் எழுதுகிறேன்.

நர்ஸிடம் கேட்பதாக வைத்துக்கொள். கை வீங்குவது எதனால்? இடது கை விரல் வரை வீங்கிவிட்டது. வளையலை அறுத்து எடுத்தார்கள். கட்டி இருக்கிற இடத்தில் தோல் ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி ஆகி, போன வாரம் ஒரு இடத்தில் வெடித்துப் புண்ணாகி வாய் வைத்துக்கொண்டது. நீர் கசிகிறது. வாடை எனக்கே தாங்கவில்லை. நோய் வெளியே வருகிறது, கழிவு போனால் சரியாகும் என்கிறார் ஐயா. மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டுகிறார்கள். முதலில் நம்பினேன். இப்போதும் பாதி நாள் நம்புகிறேன்.

முதுகு வலிக்கிறது. உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்ய முடியவில்லை.

நேற்று பேச்சாயி அக்கா கட்டு மாற்றும்போது யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "இது எண்ணெ தேச்சு ஆத்துற புண்ணு இல்ல தாயி. எனக்கு இங்க சோறு போடுறாக, நான் சொன்னேன்னு சொல்லாத. ஒங்கக்காளுக்கு எழுது" என்றாள்.

சின்னக் கட்டி இப்படியும் ஆகுமா அக்கா?

ஜீவிதா


திண்டுக்கல்,
10 மே 2023

என் ஜீவிக்கு,

இதைச் செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வாசலில் காரோடு நிற்பார். படித்துவிட்டு உடனே ஏறிக்கொள். திட்டுவதை வழியில் திட்டு.

அது ஒருபோதும் சின்னக் கட்டியாக இருந்ததில்லை.

நவம்பர் முப்பதாம் தேதி பயாப்ஸி ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. ஆறு சென்டிமீட்டர். அக்குளில் நான்கு இடத்தில் நெறி கட்டியிருந்தது, அதிலும் பரவியிருந்தது. மூன்றாம் கட்டம். எட்டு கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு மார்பை எடுத்து, பிறகு கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தால் நல்லபடியாக இருக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். பேஷண்டிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் டாக்டர் என்றேன். நானும் மருத்துவமனைக்காரி என்பதால் அவர் நம்பினார். உன்னிடம் சொல்லவில்லை. செல்வத்திடமும் சொல்லவில்லை. உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன தாள்களில் என் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். உனக்கு அது தெரியாது. எனக்கு இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது, பாடப் புத்தகத்தில் படித்தபடி கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, கர்ப்பப்பையில் புற்று என்று சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. குழாய் போட்டதெல்லாம் அதற்காகத்தான். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். அந்த நோய் அவளைக் கொண்டுபோக இன்னும் ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். நீ பார்த்துப் பயந்த அந்தக் குழாய்களை அவளுக்கு மாட்டியது என் வாய்.

உனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குருத்து ஞாயிறன்று உன்னைப் பார்க்கும் முன் செழியனோடு பத்து நிமிஷம் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஃபைல் என் பைக்குள் இருந்தது. "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காட்டினால் அவர் உன்னிடம் சொல்லிவிடுவாரே என்று பயம். அந்த மனிதரைத் திட்ட வந்தவள், அவர் பொய்க்குப் பக்கத்திலேயே என் பொய்யையும் வைத்துவிட்டு வந்தேன்.

காரில் ஏறு பாப்பா.

அக்கா


சின்னாளப்பட்டி,
13 மே 2023

ஆனந்தமேரி அக்காவுக்கு,

காரில் ஏறிவிட்டேன். மதுரையிலும் காட்டியாகிவிட்டது. செல்வம் கூட வந்தார். ஃபைலைத் தபாலில் அனுப்பு, அல்லது அவர் செராக்ஸ் கடையில் கொடு. என் வீட்டுக்கு வராதே. உன் நம்பரை போனில் தடுத்து வைத்திருக்கிறேன்.

அங்கே என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

உன் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று படித்தேன். நேராக செழியன் ஐயாவிடம் போய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ரிப்போர்ட் நான் பாக்குறதில்லன்னு அன்னைக்கே சொன்னேன்லம்மா."

"பாத்திருந்தா?"

கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "பாத்திருந்தா ஒங்கள வச்சிருக்க மாட்டேன்."

"அப்ப நோய் வெளிய வருதுன்னு எதை வச்சுச் சொன்னீங்க?"

அவர் எழுந்து உள்ளே போனார். மன்னிப்புக் கேட்கத்தான் வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். ஒரு தாளோடு வந்தார். என் சொந்த விருப்பத்தின் பேரில் வந்தேன், என் சொந்த விருப்பத்தின் பேரில் போகிறேன் என்று அச்சடித்திருந்தது. வலது கையால் கையெழுத்துப் போட்டேன். இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. பேச்சாயி அக்காதான் பிடித்துக்கொண்டாள்.

உன்னை நம்பினேன், அவரை நம்பினேன். என் உடம்பில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தேவையில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறீர்கள். எட்டு கீமோ எதற்கு என்று எழுதிக் கேட்டேனே அக்கா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். நான் அம்மா இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன். எனக்கு நிலா இருக்கிறாள்.

ஜீவிதா


இயேசுவுக்கே புகழ்

திண்டுக்கல்,
2 ஜூலை 2023

ஜீவிக்கு,

போனை எடுக்க மாட்டாள், எழுதினால் படிப்பாள் என்று செல்வம் சொன்னார். பதில் போட வேண்டாம்.

ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போயிருக்கிறது என்பதை அவர்தான் சொன்னார். செராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்று, வந்தவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். டாக்டரிடம் நீயே நேராகக் கேட்டாயாம், அவரும் நேராகச் சொன்னாராம். நீ அழவில்லையாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி இளநீர் கேட்டாயாம். நான் அம்மா இல்லை என்று நீ எழுதியது சரி.

பதினோரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு தங்கையைக் கடையில் விசாரிக்கிறேன். இது எனக்கு வேண்டியதுதான்.

போன வாரம் என் வார்டில் வெங்காய வியாபாரி ஒருவர். முத்துச்சாமி என்று பெயர். கணையத்தில் புற்று. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர் என்று மகன் கைகூப்பினான். எப்போதும் தலையாட்டுவேன். அன்றைக்கு ஊசி போடப் போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பாக்குறாகம்மா. எனக்கு என்ன?" என்றார். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவுகிற அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். எத்தனை பேரை இப்படித் தனியாக விட்டிருக்கிறேனோ.

மன்னிப்புக் கேட்கிறேன். அதை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தே கேட்கிறேன்.

அக்கா


சின்னாளப்பட்டி,
20 ஆகஸ்ட் 2023

அக்காவுக்கு,

கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள இப்போது பலம் போதவில்லை.

வலி நிவாரண வார்டில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதோடு நான் மூச்சுப் பயிற்சியும் செய்கிறேன். சித்தையன்கோட்டையில் கற்றதுதான். படுத்தபடியே. அங்கே சொன்னதில் எது பொய் எது மெய் என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். வலியை அது குறைக்கவில்லை. வலி வரும்போது ஓடாமல் இருக்க முடிகிறது, அவ்வளவுதான். அந்த வார்டு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து மூச்சு விட்டாள். சின்னப் பெண். ஊசி போடுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். முதலிலேயே இவள் கையில் நான் வந்திருந்தால் தோப்புக்கே போயிருக்க மாட்டேன்.

உன்னிடம் ஒன்று வேண்டும். டாக்டர், "அதெல்லாம் கடவுள் கையில்" என்கிறார். செல்வத்திடம் கேட்டால் எழுந்து வெளியே போகிறார். நீ சொல். எத்தனை நாள்? எப்படி முடியும்? வலிக்குமா? புத்தி தவறுமா? நிலா பார்க்கலாமா?

அக்காவாக எழுதாதே. நர்ஸாக எழுது. இந்தத் தடவை ஒரு வரியையும் அடிக்காதே.

ஜீவிதா


திண்டுக்கல்,
23 ஆகஸ்ட் 2023

ஜீவிதா,

செல்வத்திடம் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தேன். கேட்ட வரிசையில் எழுதுகிறேன்.

மூன்று மாதம் இருக்காது. ஆறு வாரம் இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். தேதி யாராலும் சொல்ல முடியாது.

கண் மஞ்சளாகும். பசி நின்றுவிடும். அப்போது உனக்கு ஊட்ட வேண்டும் என்று எல்லாரும் அழுவார்கள். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. குழாய் போட வேண்டியதில்லை, நானும் போட விடமாட்டேன். தூக்கம் கூடிக்கொண்டே போகும். விழித்திருக்கும் நேரம் குறையும். கடைசி சில நாளில் புத்தி தடுமாறலாம், ஆள் தெரியாமல் போகலாம். அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடு. முடிவு பெரும்பாலும் தூக்கத்தில்தான். மூச்சு விட்டு விட்டு வரும். பார்க்கிறவர்களுக்கு அது பயமாக இருக்கும். உனக்கு அப்போது தெரியாது.

வலிக்கும். ஆனால் தாங்க முடியாதபடி வலிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மார்ஃபினுக்குப் பயப்படாதே. பழகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. வலி எழுந்த பிறகு கேட்காதே, எழும் முன் கேள்.

நிலா பார்க்கலாம். என்ன நடக்கிறது என்று தெரிந்து பார்த்தால் தாங்குவாள். தெரியாமல் பார்த்தால்தான் உன்னைப் போலப் பயத்தோடு வளர்வாள்.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எதையும் அடிக்கவில்லை.

நர்ஸாக எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடவில்லை என்றாலும் அந்தத் தெரு முனை வரை வந்து நிற்பேன்.

ஆனந்தமேரி


சின்னாளப்பட்டி,
3 செப்டம்பர் 2023, ஞாயிறு

அக்காவுக்கு,

நான்கு தடவை நிறுத்தி எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த அன்று முழுக்கத் தூங்கினேன். மருந்தால் இல்லை என்று நினைக்கிறேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்ததும் உடம்பு தளர்ந்து கொடுத்தது.

இன்று காலை பங்குச் சாமியார் வந்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு ஜெபித்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் செல்வத்தைக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டு நிலாவைக் கூப்பிட்டேன். சட்டையில் பால்பாயிண்ட் மை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு வந்திருப்பது புற்றுநோய், அது சரியாகாது என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"சரியாகாதுன்னா?"

"செத்துருவேன்டா."

"எப்போ?"

"சீக்கிரம். கிறிஸ்துமஸுக்கு இருக்க மாட்டேன்."

அவள் என் வீங்கிய கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "டிரெயினிங்குன்னு பெரியம்மா சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீ தள்ளிப் படுன்னு கத்துனது என் மேல கோவத்துலயா?" என்றாள். ஏழு மாதமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் அக்கா. இல்லை என்று சொல்லி, ஏன் கத்தினேன் என்பதையும் சொன்னேன். அப்போதுதான் அழுதாள். இரண்டு பேரும் அழுதோம்.

பிறகு எழுந்து போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்தாள். இப்போதும் படுத்திருக்கிறாள். அவள் முதுகு படும் இடத்தில் வலிக்கிறது. நகரச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு இது தெரியுமா?"

"அவதான் மொதல்லயே தெரிஞ்சவ."

"நான் அவங்ககூட அத்தன நாள் இருந்தேன்லம்மா. அவங்க அழவே இல்லையே. ஏன்?"

நீ வந்து அவளுக்குச் சொல்.

ஜீவி